நாயும் பூனையும் இருக்கும் வீட்டில் மூத்திர மணம், கறை: அறிகுறி பார்த்துத் தீர்க்கும் வழி

எங்கள் வீடு யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில். விறாந்தையும் ஹோலும் அம்மம்மா காலத்துச் சிவப்புச் சீமெந்துத் தரை. பின்னால் பிறகு கட்டிய இரண்டு அறைகளும் ரைல்ஸ். பூனை மூன்று, நாய் ஒன்று. பன்னிரண்டு வருடமாகத் துடைக்கிறேன், உரஞ்சுகிறேன், மோந்து பார்க்கிறேன். இப்போது அயலிலும் யாராவது வீட்டில் மணம் என்றால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

போன வீடுகளில் எல்லாம் கண்டது ஒன்றுதான். மேலே நன்றாகத் துடைத்திருப்பார்கள், ஆனால் மூத்திரம் கீழே இறங்கியிருக்கும். அது எவ்வளவு ஆழம் போனதோ அவ்வளவு ஆழத்துக்கு மருந்தும் போகவேண்டும். போகாதவரை எத்தனை போத்தல் வாசனைத் திரவம் ஊற்றினாலும் மணம் திரும்பி வரும்.

கீழே அறிகுறிப்படி எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டில் காண்பது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் வாசியுங்கள்.

## வாளியை எடுக்க முன்

பிளீச்சையோ கிணற்றுக்குப் போடும் குளோரின் தூளையோ மூத்திரத்தின்மேல் கொட்டாதீர்கள். மூத்திரம் பழசாகும்போது அமோனியா உண்டாகும். குளோரின் அதோடு சேர்ந்தால் கிளம்பும் வாயுவில் கண் எரியும், மூச்சு அடைக்கும். வினாகிரியோ தேசிக்காய்ப் புளியோ சேர்ந்தால் குளோரின் வாயுவே வரும். வெள்ளத்துக்குப் பிறகு கிணறு இறைத்துப் போடக் கிடைத்த தூள் பல வீடுகளில் ஒரு சொப்பிங் பையில் மிச்சமாகக் கிடக்கிறது. அது இந்த வேலைக்கு உரியதல்ல.

பூனை உள்ள வீட்டில் பினைலும் டெற்றோலும் வேண்டாம். பூனையின் ஈரல் இந்த வகை மருந்துகளை இலேசில் உடைத்து வெளியேற்றாது. தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும்போது அது உடம்புக்குள் போகிறது. தண்ணீரில் விட்டதும் பால்போல வெள்ளையாகும் கழுவிகளைப் பூனை நடக்கும் இடத்திலிருந்து தூரவே வையுங்கள். "நாய் இங்கே இருக்காது" என்று சொல்லி மூலையில் போடும் அந்துருண்டையும் நஞ்சுதான், நாய்க்கும் பூனைக்கும் பிள்ளைகளுக்கும்.

கையில் உறை போடுங்கள். எலிக்காய்ச்சல் கிருமி நாயின் மூத்திரத்திலும் வரும், கை கால் வெடிப்பு வழியாக உள்ளே போகும். 2024 மார்கழியில் யாழ்ப்பாணத்தில் அந்தக் காய்ச்சலால் நாம் பட்ட பயம் போதும். கர்ப்பிணிகள் பூனையின் மலத்தைத் தொடவேண்டாம், அந்த வேலையை வேறு யாராவது எடுக்கட்டும். அதை நாளாந்தம் அள்ளுவதும் முக்கியம். பூனை மலத்திலுள்ள டொக்சோபிளாஸ்மா ஒட்டுண்ணி தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது எடுக்கும்.

இனிச் சாமான்கள். கிழித்த பழைய சாரம் (பருத்திச் சாரத்தைப்போல ஈரம் உறிஞ்சுவது வேறில்லை), அப்பச்சோடா, வெள்ளை வினாகிரி, பாத்திரம் கழுவும் திரவம், பாமசியில் ஐதரசன் பேரொட்சைட்டு, ஊசி கழற்றிய சிரிஞ்ச் ஒன்று. பேரொட்சைட்டுப் போத்தலில் 10 வொலியூம் என்று இருந்தால் அது 3 சதவீதம், அப்படியே பாவிக்கலாம். 20 வொலியூம் என்றால் 6 சதவீதம், சம அளவு தண்ணீர் கலக்கவேண்டும். இவற்றோடு, செல்லப்பிராணிச் சாமான் விற்கும் கடையில் கேட்டு நொதியம் (என்சைம்) கலந்த மூத்திரக் கழுவி ஒரு போத்தல். இங்கே கிடைக்காவிட்டால் கொழும்பிலிருந்து எடுப்பியுங்கள். மணத்தின் வேரான யூரிக் அமிலம் தண்ணீரில் இலேசில் கரையாது, சவர்க்காரத்துக்கும் அசையாது. பழைய மணத்துக்கு நொதியக் கழுவிதான் மருந்து.

## இப்போதுதான் மூத்திரம் பெய்தது, ஈரம் காயவில்லை

இதுதான் மிகச் சுலபமான கட்டம். பலர் இதிலேயே பிழை விடுகிறார்கள், ஏனென்றால் உடனே தேய்க்கத் தொடங்குகிறார்கள். தேய்க்க வேண்டாம். சாரத் துண்டை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் ஏறி நில்லுங்கள். ஈரம் துணிக்கு ஏறும். துணியை மாற்றி மாற்றி, ஈரம் வருவது நிற்கும்வரை செய்யுங்கள். பிறகு குளிர்ந்த தண்ணீர் ஊற்றி இன்னொரு தரம் ஒற்றி எடுங்கள்.

ரைல்ஸ் என்றால் இதோடு ஒரு துளி பாத்திரத் திரவம் போட்டுத் துடைத்தால் முடிந்தது. பாய் என்றால் உடனே வெளியே எடுத்துத் தண்ணீர் ஊற்றி வெயிலில் நிமிர்த்தி வையுங்கள், படுக்கப்போட்டால் அடிப்பக்கம் காயாது. துணி, கால்மிதி என்றால் ஒரு பங்கு வினாகிரி, ஒரு பங்கு தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, பிறகு வழமைபோலத் தோயுங்கள். சுடுதண்ணீர் வேண்டாம். கறை பிடித்துக்கொள்ளும்.

மலம், சத்தி என்றால் முதலில் ஒரு மட்டையால் வழித்தெடுங்கள், துடைத்தால் பரவும். கடைத் தீனியில் போட்ட சிவப்புச் சாயம் ரைல்ஸ் இடுக்கில் பிடித்தால் பேரொட்சைட்டு நனைத்த துணியைப் பத்து நிமிடம் அதன்மேல் போட்டுவைத்தால் வெளுக்கும்.

தடுப்பூசி போடாத நாய்க்குட்டி, இரத்தம் கலந்த வயிற்றோட்டம், சத்தி என்றால் துடைப்பது இரண்டாவது வேலை. குட்டியைத் தூக்கிக்கொண்டு மிருக வைத்தியரிடம் ஓடுங்கள், பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். பிளீச்சுக்கு நான் இடம் கொடுப்பது இந்த ஒரு கட்டத்தில்தான், ஏனென்றால் அந்த வைரஸ் மாதக்கணக்கில் நிலத்தில் உயிரோடு கிடக்கும், சாதாரணக் கழுவிகளுக்குச் சாகாது. முதலில் சவர்க்காரம் போட்டு முழுக்கக் கழுவி, அலசி, பிறகு ஒரு லீற்றர் தண்ணீருக்கு 30 மில்லிலீற்றர் பிளீச் கலந்து தரையில் பத்து நிமிடம் ஈரமாக நிற்கவிடுங்கள். கதவு யன்னல் எல்லாம் திறந்திருக்கவேண்டும்.

## துடைத்த இடத்திலேயே திரும்பத் திரும்ப மூத்திரம் பெய்கிறது

மணம் மிச்சம் இருக்கிறது. பெரும்பாலும் இதுதான். உங்கள் மூக்குக்குப் போய்விட்டது, அதன் மூக்குக்குப் போகவில்லை. அமோனியா கலந்த கழுவியால் துடைத்திருந்தால் அதுவே மூத்திரம்போல மணந்து மீண்டும் கூப்பிடும். இடத்தை நொதியக் கழுவியால் நனைத்து, காய்ந்துவிடாமல் மேலே ஈரச் சாரமும் அதன்மேல் சொப்பிங் பையும் போட்டு இரவு முழுக்க விடுங்கள். முன்னர் பினைல் போட்ட இடம் என்றால் முதலில் வெறும் தண்ணீரால் நாலைந்து தரம் அலசவேண்டும். கிருமிநாசினி மிச்சம் இருந்தால் நொதியம் வேலை செய்யாது. காய்ந்த பிறகு அதே இடத்தில் சாப்பாட்டுக் கோப்பையை வையுங்கள். சாப்பிடும் இடத்தில் மூத்திரம் பெய்யப் பூனைக்கும் நாய்க்கும் மனம் வராது.

பூனையின் மணல் தட்டில் குறை. மூன்று பூனைக்கு ஒரு தட்டு போதாது. பூனைக்கு ஒன்று, மேலதிகமாக ஒன்று என்பது கணக்கு. கட்டட மணல், மரத்தூள் எதுவும் சரி, ஆனால் நாளாந்தம் அள்ளவேண்டும். தட்டு சலவை மெசினுக்குப் பக்கத்தில் இருந்தால் சத்தத்துக்குப் பயந்து கட்டிலுக்குக் கீழே போகும். மாரி காலத்தில் வளவு முழுக்கத் தண்ணீர் நிற்கும்போது, வருடம் முழுக்க வெளியே போய்வந்த பூனையும் உள்ளே இடம் தேடும். ஐப்பசி பிறந்ததும் ஒரு தட்டு உள்ளே வைத்துவிடுங்கள்.

பயம். தீபாவளி, வருடப்பிறப்பு வெடிச் சத்தத்தில் நாய் ஹோலுக்குள் இருந்துவிட்டால் அது குற்றம் அல்ல. ஏசினால் கூனிக் குறுகி இன்னும் கொஞ்சம் விடும். மூக்கை மூத்திரத்தில் தேய்க்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். அதனால் நாய் கற்பது ஒன்றே ஒன்று, உங்களுக்குத் தெரியாத இடத்தில் போய் இருக்கவேண்டும் என்பது. பிறகு அந்த இடத்தைத் தேடி அலைவது நீங்கள்தான்.

வருத்தம். பழகிய நாய் திடீரென்று உள்ளே இருக்கத் தொடங்கினால், தண்ணீர் வழமையைவிட அதிகம் குடித்தால், மூத்திரத்தில் சிவப்புத் தெரிந்தால், இனித் தரையைப் பார்க்காதீர்கள், மிருக வைத்தியரைப் பாருங்கள். கருப்பை எடுத்த பெண் நாய்களில் சிலவற்றுக்கு வயதானபோது நித்திரையில் தானாக ஒழுகும். எழும்பும்போது படுத்த இடம் நனைந்திருக்கும். அதற்கு மருந்து இருக்கிறது. "கிழட்டு நாய், இனி என்ன செய்வது" என்று கட்டிவைத்த ஒரு நாயை எனக்குத் தெரியும். மருந்து தொடங்கிச் சில நாட்களில் மீண்டும் விறாந்தையில் படுத்தது.

## வெயிலில் ஒன்றும் இல்லை, மழை வந்ததும் மணக்கிறது

"சித்திரையிலே பெயின்ற் எல்லாம் அடிச்சனாங்கள் அக்கா, வாடைக் காத்துத் தொடங்க வீடு முழுக்க மணக்குது." வருடா வருடம் கேட்கும் கதை. சோளகம் வீசும் மாதங்களில் தரை காய்ந்து கிடக்கும், யூரிக் அமிலம் பொடிப் பளிங்காக இடுக்குகளில் உறங்கும். மாரியின் ஈரப்பதன் ஏறியதும் எழும்பும். புதிதாக எதுவும் இருந்திருக்காது. நாய் செத்து ஒரு வருடமான வீட்டிலும் இப்படி மணந்ததைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் இடத்தைப் பிடிக்கவேண்டும். அறையை இரவு பூட்டிவைத்து விடியற்காலையில் திறந்து, முழங்காலில் நின்று நிலத்தோடு மூக்கை வைத்துப் போங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, நான் எல்லா வீட்டிலும் இதைத்தான் செய்கிறேன். சந்தேகமான இடத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் தெளித்துச் சில நிமிடம் பொறுத்தால் மணம் தன்னைக் காட்டும். காசுத் தாள் சோதிக்கும் நீல ரோச் கிடைத்தால் இன்னும் நல்லது. இருட்டில் பழைய மூத்திரம் மங்கிய மஞ்சளாக ஒளிரும். சலவைத்தூள் சிந்திய இடமும் ஒளிரும், ஆனால் அது நீல வெள்ளை. தேளும் பச்சையாக ஒளிரும், அதனால் செருப்புப் போட்டுக்கொண்டு தேடுங்கள். கண்ட இடத்தையெல்லாம் வெண்கட்டியால் வட்டம் போடுங்கள். பகலில் ஒன்றும் தெரியாது.

இனித் தரையைப் பொறுத்துப் பிரியும்.

### ரைல்ஸ் தரை

ரைல்ஸ் குடிக்காது. அவற்றின் நடுவே நிரப்பிய சாந்துதான் குடிக்கும். அதன் வழியாக அடியில் உள்ள சீமெந்துக்கும் இறங்கும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் இடுக்கை அப்பச்சோடாக் களியில் தேய்த்துக் கழுவுங்கள். காய்ந்தபின் சிரிஞ்ச்சால் நொதியக் கழுவியை இடுக்கு நெடுக விடுங்கள். மூடி இரவு முழுக்க. மூன்று தரம் செய்தும் போகாவிட்டால் ரைல்ஸ் போடுபவரைக் கூப்பிட்டு அந்த இடுக்குகளைச் சுரண்டி எடுத்துப் புதிதாக நிரப்பச் சொல்லுங்கள். அது ஒரு நாள் வேலை. நிரப்பமுன் திறந்த இடுக்கில் இன்னொரு தரம் நொதியம் விட்டுக் காயவிடுங்கள், அந்த வாய்ப்பு இனிக் கிடைக்காது. ஒரு ரைல்ஸைத் தட்டினால் 'டொக் டொக்' என்று வெறுமையாகக் கேட்டால் அதன் கீழே இடைவெளி இருக்கிறது, மூத்திரம் அங்கே தேங்கியிருக்கும். அந்த ஒன்றைக் கழற்றியே ஆகவேண்டும்.

### சிவப்புச் சீமெந்து

எனக்கு மிகவும் பிடித்த தரை, அதனால் இதில் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பொலிஷ் ஒழுங்காகப் போட்டு மினுங்கும்வரை இது ரைல்ஸைப்போலவே தாங்கும். பொலிஷ் தேய்ந்த இடம், மயிர் வெடிப்பு, சுவரும் தரையும் சேரும் மூலை, இந்த மூன்றிலும் குடிக்கும். ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். துளியாகவே நின்றால் தரை மூடியிருக்கிறது. கறுத்து உள்ளே இறங்கினால் மூத்திரமும் அப்படித்தான் இறங்கியது.

வினாகிரி, தேசிக்காய், கொறுக்காய்ப்புளி எதுவும் இந்தத் தரையில் வேண்டாம். புளி சீமெந்தைத் தின்னும், மினுக்கம் போய்ச் சொரசொரப்பாகும், பிறகு இன்னும் அதிகம் குடிக்கும். பேரொட்சைட்டும் யோசித்துத்தான், சில இடங்களில் சிவப்பு வெளிறும். கட்டிலுக்குக் கீழே ஒரு மூலையில் முதலில் பரீட்சித்துப் பாருங்கள். நான் செய்வது இது. பழைய பொலிஷைச் சவர்க்காரமும் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டுத் தும்பால் உரஞ்சி எடுப்பேன், அது இருந்தால் மருந்து உள்ளே போகாது. இரண்டு நாள் காயவிடுவேன். பிறகு வட்டம் போட்ட இடத்தைவிட ஒரு சாண் அதிகமாக நொதியக் கழுவியை ஊற்றி, மூடி, ஒரு இரவும் ஒரு பகலும். வெடிப்புக்குள் சிரிஞ்ச்சால் சொட்டுச் சொட்டாக, இனிக் குடிக்காது என்னும்வரை. திறந்து மின்விசிறி போட்டுக் காயவைத்தால் முதல் இரண்டு நாள் மணம் கூடுதலாக வரும். பயந்து பினைல் ஊற்றிவிடாதீர்கள், உள்ளே இருந்தது வெளியே வருகிறது. மாரியில் இதைத் தொடங்கவேண்டாம், காயாது. தை பொங்கி, வெயில் ஏறியபிறகு தொடங்குங்கள்.

எங்கள் ஹோலின் மேற்கு மூலைக்கு நாலு தரம் வேண்டியிருந்தது. நாலாவது தரம் காய்ந்து, பொலிஷ் போட்டு, அடுத்த மாரியில் முதல் மழை அன்று நான் போய் நிலத்தோடு படுத்து மோந்து பார்த்தேன். மண் மணம் மட்டும்தான்.

போகவே இல்லை என்றால் மேசனைக் கூப்பிடும் கட்டம். ஆனால் முழுத் தரையையும் இடிக்க விடாதீர்கள். கறை உள்ள இடத்தில் மேல்பூச்சை மட்டும் வெட்டியெடுத்து, அடியில் நொதியம் விட்டுக் காயவைத்து, பிறகு பூசலாம். புதிய சிவப்பு பழைய சிவப்போடு ஒத்துவராது, அதை முன்கூட்டியே மனதில் ஏற்றுக்கொள்ளுங்கள்.

சாணம் மெழுகிய மண் தரை என்றால் கறை பட்ட மண்ணை நாலு விரல் ஆழத்துக்குச் சுரண்டி எடுத்து, வெயில் காட்டி, புது மண் போட்டு மெழுகுங்கள். எல்லாத் தரைக்குள்ளும் குணமாக்க இலகுவானது அதுதான்.

## சுவரிலும் கதவு நிலையிலும் ஒழுகிய மஞ்சள் கோடு

நிலத்தில் குளம்போல இல்லை, ஒரு முழ உயரத்திலிருந்து வழிந்திருக்கிறது. இது வால் தூக்கிப் பீச்சும் பூனை. பெரும்பாலும் நலமடிக்காத கடுவன்தான், ஆனால் பெண் பூனையும் செய்யும். உங்கள் பூனையாக இல்லாமல் வேலிக்கு மேலால் வரும் ஊர்க் கடுவனாகவும் இருக்கலாம். கோடு வாசல், யன்னல் அருகே மட்டும் என்றால் வெளியில் இருந்து வருவதைச் சந்தேகியுங்கள். யன்னலின் கீழ்ப்பாதியை மறைத்து, இரவில் விறாந்தையில் மிச்சச் சாப்பாடு வைக்காதீர்கள்.

சொந்தக் கடுவன் என்றால் துடைத்துக்கொண்டிருப்பதில் பயன் இல்லை. கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்த கடுவன்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பீச்சுவதை நிறுத்திவிடும் அல்லது மிகவும் குறைக்கும். ஆறு மாத வயதுக்குள் செய்தால் பெரும்பாலும் பழக்கமே வராது. செய்தபின்னும் சில வாரம் பொறுக்கவேண்டும்.

சுவரை மேலிருந்து கீழே துடையுங்கள். எமல்ஷன் பெயின்ற் சுவர் என்றால் பாத்திரத் திரவமும் தண்ணீரும், பிறகு நொதியம். சுண்ணாம்பு அடித்த பழைய சுவர் மூத்திரத்தை நன்றாகக் குடிக்கும். அதைச் சுரண்டித்தான் எடுக்கவேண்டும். மணம் இருக்கும்போதே மேலே பெயின்ற் அடித்தால் முதல் மாரியில் மஞ்சள் மேலே ஊறி வரும். தச்சர்கள் பொலிஷுக்கு ஸ்பிரிற்றில் கரைக்கும் அரக்கை இரண்டு தரம் பூசி, காய்ந்தபின் பெயின்ற் அடியுங்கள். கறையையும் மணத்தையும் உள்ளே அடைத்துவைக்க அரக்கைப்போல ஒன்றில்லை. பூசும்போது அடுப்பு, விளக்கு எதுவும் பக்கத்தில் எரியக்கூடாது.

கதவு நிலை முதிரையோ தேக்கோ என்றால் பக்கங்களைக் காப்பாற்றலாம். ஆனால் நிலத்தைத் தொடும் அடிமுனை ஸ்பொன்ஞ்போலக் குடித்திருக்கும், அங்கே சிரிஞ்ச்சால் நொதியம் விடுங்கள். சிப்போட் அலுமாரியின் அடி ஊதிப் பொருமியிருந்தால் நேரத்தை வீணாக்கவேண்டாம். தச்சரிடம் அந்தப் பலகையை மட்டும் மாற்றித் தரமுடியுமா என்று கேளுங்கள்.

## மெத்தை, செற்றி

மேலே ஒரு தேங்காய் அளவு வட்டம் என்றால் உள்ளே ஒரு சுளகு அளவு இருக்கும். இதை நினைவில் வைத்து மருந்தை ஊற்றுங்கள், தெளிக்கவேண்டாம்.

நாள்பட்டதற்கு நொதியம். புதியதற்கும் இளநிற மெத்தைக்கும் நான் கலக்குவது: 250 மில்லிலீற்றர் 3 சதவீதப் பேரொட்சைட்டு, ஒரு மேசைக் கரண்டி அப்பச்சோடா, சில துளி பாத்திரத் திரவம். கலந்த உடனே பாவித்து மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். போத்தலில் போட்டு மூடினால் வாயு பொங்கி வெடிக்கும். நிறத் துணியை இது வெளுக்கும், அதனால் உள்பக்க மடிப்பில் பார்த்துவிட்டுப் போடுங்கள். ஊற்றி ஒரு மணி நேரத்தில் சாரத்தால் ஒற்றியெடுத்து வெயிலில் நிமிர்த்திச் சாத்துங்கள், இரண்டு பக்கமும் மாறி மாறி. பங்குனி வெயில் ஒரு நாள் போதும்.

தும்பு மெத்தை ஓரளவு தாங்கும், காற்று உள்ளே போகும். ஸ்பொன்ஞ் மெத்தை நடுவில் நனைந்துவிட்டால் காய மூன்று நாள் எடுக்கும். மாரியில் அது காய்வதற்குள் பூஞ்சணம் பிடிக்கும். பஞ்சு மெத்தையைப் பிரித்து, பஞ்சை உலர்த்தி, புது உறை தைப்பிக்கலாம். செற்றியில் குஷன் உறை கழற்றக்கூடியதா என்று முதலில் பாருங்கள். உறையைத் தோய்த்துவிட்டு உள்ளே இருக்கும் ஸ்பொன்ஞ்சை அப்படியே திருப்பிப் போடுவதுதான் பொதுவாக விடும் பிழை. குஷன் வேலை செய்பவரிடம் அந்த ஒரு ஸ்பொன்ஞ்சை மட்டும் அளவெடுத்து மாற்றலாம். மரச்சட்டத்துக்குள் அடிக்கப்பட்ட நார் வரை இறங்கியிருந்தால் முழுதாகப் பிரித்துத்தான் கட்டவேண்டும்.

## துடைத்த இடம் வெள்ளை பூத்திருக்கிறது

இது மூத்திரக் கறையாக இல்லாமல் உங்கள் கிணற்றுத் தண்ணீரின் கறையாக இருக்கலாம். எங்கள் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் ஊறுவது. கடல் பக்கத்து ஊர்களில் சவரும் சேரும். துடைத்துவிட்டுக் காயவிட்டால் வெள்ளைப் படலம் நிற்கும், சவர்க்காரம் போட்டிருந்தால் பிசுபிசுப்பும் சேரும். அந்தப் பிசுபிசுப்பு ஊத்தையையும் மணத்தையும் பிடித்துவைக்கும். கடைசி அலசலை மட்டும் பிடித்துவைத்த மழைத் தண்ணீரிலோ வடிகட்டிய தண்ணீரிலோ செய்து, காய்ந்த துணியால் துடைத்து எடுங்கள்.

சிவப்புத் தரையில் வெள்ளை வட்டம், விரலால் தடவினால் சொரசொரப்பு என்றால் யாரோ தேசிக்காய் போட்டிருக்கிறார்கள். அது கழுவிப் போகாது. சிவப்புப் பொலிஷ் இரண்டு மூன்று தரம் போட்டால் மங்கித் தெரியாமல் போகும்.

## சீலிங்கில் மஞ்சள் கறை, ஆனால் பூனை மேலே போவதில்லை

ஓட்டு வீடு, மேலே சீலிங், பக்கத்தில் பலா, பப்பாசி. இரவில் தடதடவென்று ஓடும் சத்தம். மரநாய். பூனைமேல் பழிபோட்டுவிட்டு என்னைக் கூப்பிட்ட வீடுகள் நிறைய. சீலிங்குக்குக் கீழே சில நேரம் ரம்பை இலை மணம்போல ஒன்றும் வரும், அது மரநாயின் அடையாளம்.

நஞ்சு வைக்காதீர்கள். சீலிங்குக்குள் செத்தால் மூன்று கிழமை அந்த வீட்டில் சோறு இறங்காது, நஞ்சு தின்ற எலியை உங்கள் பூனையும் தின்னும். மரநாய் பொழுதுபட்டு வெளியே போனபின் ஓடு விலகிய இடத்தை அடையுங்கள். உள்ளே குட்டிச் சத்தம் கேட்டால் அவை வளர்ந்து போகும்வரை பொறுக்கவேண்டும். கூரையைத் தொடும் கிளைகளை வெட்டுங்கள். சீலிங் அஸ்பெஸ்ரோஸ் சீற் என்றால் சுரண்டவோ துளைக்கவோ வேண்டாம், தூசு நெஞ்சுக்கு ஆகாது. ஈரத் துணியால் துடைத்து, காய்ந்தபின் அரக்கு, பிறகு பெயின்ற். சீலிங் தொய்ந்திருந்தால் கீழே நிற்காமல் வேலைகாரரைக் கூப்பிடுங்கள்.

## மோட்டார் சைக்கிள் சில்லும் கேற்றும்

வெளியே போய்வந்த சில்லில் ஊர் நாய்களின் மணம் எல்லாம் இருக்கும், உங்கள் நாய் அதன்மேல் மூத்திரம் பெய்து பதில் எழுதுகிறது. உப்பு இரும்பைத் தின்னும், கேற்றின் அடி துருப்பிடிக்கும். வந்த உடனே சில்லில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். கேற்றின் அடியைச் சுரண்டித் துருத் தடுக்கும் பெயின்ற் அடியுங்கள். அதற்குமேல் இதில் ஒன்றுமில்லை.

## கறை எங்கும் இல்லை, வீடு மட்டும் மணக்கிறது

நாயை மோந்து பாருங்கள். காது மணத்தால், உள்ளே மண்ணிறக் களி இருந்தால் காதில் தொற்று. வாய் மணத்தால் பல். மீன் கெட்ட மணம் விட்டுவிட்டு வந்து, நாய் நிலத்தில் குண்டியை இழுத்துக்கொண்டு போனால் ஆசனவாய்ச் சுரப்பி நிரம்பியிருக்கிறது. மிருக வைத்தியர் சில நிமிடத்தில் பிதுக்கி விடுவார். தோல் எண்ணெய்ப் பிடிப்பாக மணந்தால் அடிக்கடி குளிக்கவார்ப்பது சரிவராது, அதுவும் வைத்தியர் பார்க்கவேண்டிய தோல் வருத்தம்.

நாயில் மணம் இல்லையென்றால் அது படுக்கும் சாக்கு. அதைத் தோய்க்கவேண்டாம், எரித்துவிட்டுப் புதிது போடுங்கள். சிரட்டைக்கரியை ஒரு தட்டில் கட்டிலின் கீழ் வைத்தால் மிச்ச மணத்தைக் கொஞ்சம் இழுக்கும். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி நல்ல மணம்தான், ஆனால் அது புகை அடங்கும்வரைதான்.

## பூனை குந்திக் குந்தி எழும்புகிறது, மணலில் ஈரமே இல்லை

துடைக்க ஒன்றும் இல்லாத இந்த அறிகுறிக்குத்தான் நான் மிகவும் பயப்படுகிறேன். கடுவன் பூனை தட்டுக்குப் போய்ப் போய் வருகிறது, முக்குகிறது, கத்துகிறது, கீழ்ப்பக்கத்தை நக்கிக்கொண்டே இருக்கிறது. பார்ப்பவர்கள் மலச்சிக்கல் என்று நினைத்து நல்லெண்ணெய் பருக்குவார்கள். மூத்திரக் குழாய் அடைத்திருக்கிறது. ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.

சில பூனைகள் அடைப்பதற்கு முதல் நாட்களில் வாஷ் பேசினிலும் குளிக்குமிடத்திலும் சொட்டுச் சொட்டாக, சிலவேளை சிவப்பாக இருக்கும். அந்தச் சொட்டைக் கண்டால் கழுவ முன் போனில் ஒரு படம் எடுங்கள். வயிற்றை அமத்தாதீர்கள், அடைத்த பை வெடிக்கும். ஞாயிற்றுக்கிழமை என்றாலும், இரவு என்றாலும், தெரிந்த மிருக வைத்தியர் எல்லோருக்கும் போன் எடுங்கள். பூனையை ஒரு கூடையில் வைத்துத் துவாயால் மூடி, கடைசியாக எப்போது மூத்திரம் போனது என்று வீட்டில் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டு போங்கள். வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.